சின்னஞ்சிறு விஜயந்தா
(அட்டையில் ஒரு கவச வண்டி செய்யும் பாடம்)

பெரிய பொருளைச் சிறிய உருவில் அமைத்துப் பார்க்கும் ஆசை மனிதனுக்குத் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. டிசம்பர் மாதத்தில் நாம் அமைக்கும் குடிலும், அண்டை வீட்டுக் கொலுப்படியும் அந்த ஆசையின் வடிவங்களே. குடிலில் ஆட்டைவிட ஒட்டகம் சிறியதாக இருந்தாலும் நாம் குறை சொல்வதில்லை. அங்கே அளவுகோல் பக்தி. ஆனால் 'அளவு மாதிரி' என்னும் கலையில் அந்தச் சலுகை கிடையாது. ஒன்று சிறுத்தால் எல்லாம் அதே விகிதத்தில் சிறுக்க வேண்டும். கணக்கு, வரைபடம், வேதியியல், புவியியல், சரித்திரம் ஆகிய ஐந்து பாடங்களும் ஒரு சாண் நீள அட்டை வண்டிக்குள் அடங்கிவிடுவதால்தான், கைவேலைப் பாடத்துக்கு இதைத் தேர்ந்தேன்.

பெண்கள் பள்ளியில் போர் வண்டி எதற்கு என்று பெற்றோரில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம் குமரி மாவட்டத்தில் படையிலிருந்து கடிதமோ தொலைபேசி அழைப்போ வராத தெரு அரிது. அப்பாவோ அண்ணனோ ஏறி இறங்கும் வண்டி எப்படிப்பட்டது என்று பெண் பிள்ளைகளுக்குத் தெரிவதில் தவறில்லை. ஆயுதம் செய்வதும் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1741-ல் குளச்சலில் தோற்ற டச்சுப் படையின் டிலனாய், பின்னர் திருவிதாங்கூர் மன்னருக்கே தளபதியாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்பித்ததையும், 1777-ல் இறந்த அவருடைய கல்லறை அக்கோட்டைக்குள்ளேயே இருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஆயினும் கேள்விக்கு முழு விடை இதுவன்று. மீதியைக் கட்டுரையின் போக்கில் காண்போம்.

நாம் செய்யப் போகும் வண்டி விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வகுத்த வடிவம் அது. சென்னையை அடுத்த ஆவடியில் 1961-ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் வண்டி வெளிவந்தது. 1983 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை அங்கு கட்டப்பட்டன. தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகள் முறுக்கிய திருகாணிகளோடு அவை பஞ்சாபுக்கும் ராஜஸ்தானுக்கும் சென்றன. இன்று விஜயந்தா பணியில் இல்லை. பல ஊர்களில் மேடைமேல் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஆவடியில் அதற்குப் பின் அஜேயா, அர்ஜுன், பீஷ்மா முதலியன கட்டப்பட்டன. 2021 முதல் அத்தொழிற்சாலை கவச வாகன நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

அளவு என்பது என்ன?

உலகெங்கும் கவச வண்டி மாதிரிகளுக்கு வழங்கும் அளவுகளுள் முக்கியமானவை 72-ல் ஒன்று, 35-ல் ஒன்று என்ற இரண்டு. முதலாவது ஆங்கில அடிக்கணக்கில் பிறந்தது: 6 அடி மனிதன் 1 அங்குலமாவான். இரண்டாவது பிறந்த கதை வேடிக்கையானது. ஜப்பானில் ஷிசுவோகா நகரிலுள்ள டாமியா நிறுவனத்தார் 1960-களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் டாங்கி ஒன்றைச் செய்தபோது, உள்ளே பாட்டரிகள் அடங்குமளவுக்கு உடலை அமைத்தனர். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35-ல் ஒன்று! பாட்டரியின் பருமன் முடிவு செய்த அளவை இன்று உலகமே பின்பற்றுகிறது.

விஜயந்தாவின் உடல் நீளம் பீரங்கி நீங்கலாக 7.92 மீட்டர். அகலம் 3.17 மீட்டர். உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டர். 35-ஆல் வகுத்தால் முறையே 22.6 செ.மீ., 9.1 செ.மீ., 7.7 செ.மீ. கிடைக்கும். அதன் பீரங்கித் துளை 105 மி.மீ.; வகுத்தால் மிகச் சரியாக 3 மி.மீ. மெல்லிய பால்பென் ரீஃபிலின் பருமன் ஏறக்குறைய அதுவே. அருகில் நிற்கும் 170 செ.மீ. உயரமுள்ள வீரர் 4.9 செ.மீ. ஆவார்.

எடையையும் பாருங்கள். நீளம் 35-ல் ஒரு பங்கானால், கன அளவு 35-ஐ மும்முறை பெருக்கி வரும் 42,875-ல் ஒரு பங்கு. விஜயந்தாவின் எடை சுமார் 39 டன். அதன்படி நம் மாதிரி ஏறத்தாழ 900 கிராம் இருக்க வேண்டும். அட்டை வண்டியோ நூறு கிராம் தேறினால் பெரிது. ஆகவே அடிப்பாகத்தை மூடுமுன் உள்ளே கூழாங்கற்களைப் பசையிட்டு நிறையுங்கள். கையில் எடுத்ததும் கனக்கிற மாதிரிக்குத் தனி மதிப்பு உண்டு.

படத்திலிருந்து மற்ற உறுப்புகளின் அளவை எடுப்பது எளிது. நேர் பக்கவாட்டில் எடுத்த படமாக இருக்க வேண்டும். சாய்வாக எடுத்தது உதவாது. படத்தில் உடல் 11.3 செ.மீ. என்றால் நம் மாதிரி அதற்கு இருமடங்கு. படத்தில் சக்கரம் 1 செ.மீ. என்றால் மாதிரியில் 2 செ.மீ. அவ்வளவுதான்.

கட்டும் முறை

இதற்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். பழைய காலண்டர் அட்டை, நோட்டு அட்டை, பெவிக்கால், இரும்பு ஸ்கேல், ஊசி, கூரான பிளேடு ஆகியன போதும். பிளேடு பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். இளைய வகுப்பினர் டாங்கிக்குப் பதில் ஜீப்பில் தொடங்குக. அதன் நீளம் ஏறத்தாழ 3.3 மீட்டர், மாதிரியில் ஒன்பதரை செ.மீ.தான்.

உடலை ஒரு பெட்டியாகச் செய்க. மடிக்கும் கோட்டில் அட்டையின் பாதித் தடிப்புவரை கீறினால் மடிப்பு நேராக வரும். பக்கத்துக்கு 6 பெரிய சக்கரங்கள், அவற்றுக்கு மேலே செயினைத் தாங்கும் 3 சிறிய உருளைகள், பின்புறம் பற்சக்கரம், முன்புறம் வெறும் சக்கரம். கோட்டுப் பொத்தானும் சட்டைப் பொத்தானும் இங்கே கை கொடுக்கும். செயினுக்கு அட்டைப்பெட்டியை நனைத்து மேல்தாளை உரித்தால் உள்ளிருக்கும் அலைத்தாள் வரும். அதன் வரிகளே கண்ணிகள்போல் தோன்றும். செயினை இழுத்துக் கட்டாதீர்கள். டன் கணக்கில் இரும்பு; உருளைக்கும் உருளைக்கும் இடையே அது சற்றுத் தொய்ந்தே கிடக்கும். விறைப்பாக நிற்கும் செயினைக் கண்டவுடனே இது பொம்மை என்று கண் சொல்லிவிடும்.

பீரங்கிக் குழலுக்கு, ரீஃபிலின்மேல் பசை தடவிய காகிதத்தை இறுக்கமாகச் சுற்றி, காய்ந்தபின் ரீஃபிலை உருவிவிடுங்கள். 3 மி.மீ. துளையுள்ள குழல் கிடைக்கும். அதன் நடுப்பகுதியில் மட்டும் காகிதத்தை இன்னும் நாலைந்து சுற்றுச் சுற்றித் தடிப்பாக்குக. உண்மை வண்டியில் அந்தத் தடிப்பு அலங்காரமன்று. குண்டு சுட்ட புகை கோபுரத்துக்குள் திரும்பி வந்து நால்வரின் மூச்சையும் அடைக்காதபடி, அதை வாய்வழியே வெளியேற்றும் அமைப்பு அது. நால்வர் என்றேன்: ஓட்டுநர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், தலைவர். வானொலிக் கம்பிக்குத் தென்னை ஈர்க்கிலின் நுனியை விட மேலானதை நான் கண்டதில்லை.

வண்ணம் பூசுவதற்குமுன் அட்டையின் இருபுறமும் நீர்த்த பெவிக்கால் ஒரு பூச்சுக் கொடுங்கள். ஒருபுறம் மட்டும் ஈரம் பட்டால் அட்டை வளையும். அடிப்பூச்சுக்குப் போஸ்டர் கலர் வேண்டாம். காய்ந்த பின்னும் தண்ணீர் பட்டால் கரையும், பின்னால் வரும் வேலையெல்லாம் பாழாகும். துணிக்குப் பூசும் ஃபேப்ரிக் கலர் காய்ந்தபின் கரையாது. பச்சையோடு காவி மஞ்சளும் சிறிது கறுப்பும் சேர்த்தால் படைவண்டியின் மங்கிய பச்சை வரும். அதில் ஒரு துளி வெள்ளையும் சேர்க்க. தொலைவில் உள்ள மலை வெளிறித் தெரிவதுபோல, சிறிய பொருளிலும் நிறம் சற்று வெளிறியிருந்தால்தான் உண்மை போலத் தோன்றும்.

பழகிய தோற்றம்

இப்போது உங்கள் மேசைமேல் பளிச்சென்று ஒரு பச்சை வண்டி நிற்கிறது. பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. வெயிலும் மழையும் புழுதியும் பட்ட தோற்றத்தை மாதிரிக்குக் கொடுப்பதை 'வெதரிங்' என்பார்கள். நாம் 'பழகிய தோற்றம்' என்போம். பெல்ஜியம் நாட்டு வெர்லிண்டன், அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின் ஆகியோரின் நூல்களாலும் படங்களாலும் 1970, 80-களில் இக்கலை உலகெங்கும் பரவிற்று.

இதற்கு ஒரே ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கறையையும் பார்த்து, "நீ எப்படி இங்கே வந்தாய்?" என்று கேட்க வேண்டும். விடை சொல்ல முடியாத கறையை வைக்கக்கூடாது.

துருவை எடுத்துக்கொள்வோம். இரும்பு, நீர், பிராண வாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு. உப்பு அதை விரைவாக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரு பருவ மழையும் மூன்று கடல்களின் உப்புக் காற்றும் பெறும் நம் மாவட்டத்தைவிடத் துருவைப் படிக்க நல்ல பள்ளிக்கூடம் எங்கே உண்டு? குளச்சலில் கரையேற்றிய பழைய நங்கூரத்தைப் பாருங்கள். பழைய துரு கருங்காவி; புதிய துரு ஆரஞ்சு. உங்கள் வீட்டில் கடலைப் பார்த்த ஜன்னல் கம்பியையும் மறுபுறக் கம்பியையும் ஒப்பிடுங்கள். மழைநீர் தேங்கும் மூலையில் தொடங்கி, துரு சுவரில் கீழ்நோக்கி வடிந்திருக்கும். ஒருநாளும் பக்கவாட்டில் வடியாது. ஆகவே தூரிகையை எப்போதும் மேலிருந்து கீழாகவே இழுங்கள்.

நாகர்கோவில் ரயில் நிலையத்தில் மேடையில் நின்றபடியே தண்டவாளத்தைக் கவனியுங்கள். பக்கங்கள் பழுப்பு, சக்கரம் உருளும் மேல்முகம் மட்டும் வெள்ளிபோல் மின்னும். டாங்கியின் செயினும் அவ்வாறே. தரையில் உராயும் முகம் மின்னும். மற்றப் பகுதி பழுப்பு. பென்சிலின் கருந்தூளை விரலில் தொட்டு அந்த முகத்தில் மட்டும் தேய்த்தால் போதும்.

தடித்த கவசத் தகட்டில் துரு மேலோடு நிற்கும். மெல்லிய தகட்டாலான சக்கர மூடியும், சூடாகிச் சூடாகிப் பூச்சு எரிந்துபோன புகைக்குழாயும்தான் விரைவில் துருப்பிடிக்கும். சக்கரத்தைச் சுற்றியுள்ள ரப்பருக்குத் துருவே இல்லை. எல்லா இடத்திலும் காவி பூசி வைக்கும் மாணவிக்குத் துரு என்றால் நிறம். அதன் காரணம் அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

துருத்தூளை வீட்டிலேயே செய்யலாம். ஆணிகளை உப்பு நீரில் நனைத்துத் தட்டில் பரப்பி, காயக் காய மீண்டும் நனைத்தால், சில நாளில் காவி படியும். உலர்த்திச் சுரண்டி, நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பொடியாக்குக. இது வண்ணமன்று, உண்மைத் துருவே.

அடுத்தது பூச்சு உரிதல். வீரர் கால் வைத்து ஏறும் இடம், மூடியைத் திறந்து மூடும் விளிம்பு, கருவிகளை எடுத்து வைக்கும் இடம் ஆகியவற்றில்தான் பூச்சு உரியும். பஞ்சுத் துண்டைக் கருங்காவியில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றி எடுத்து, பிறகு மெல்ல ஒற்றுக. எத்தனை பெரிதாக ஒற்றலாம்? மாதிரியை 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது, உண்மை வண்டியைப் பத்தரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து எது தெரியுமோ அதை மட்டும் காட்டினால் போதும். உங்கள் தூரிகை வைக்கும் 1 மி.மீ. புள்ளி உண்மையில் 3.5 செ.மீ. காயம்.

மணலுக்கும் இதே கணக்குத்தான். அரை மி.மீ. மணல் இந்த அளவில் பெரிய சரளைக்கல் ஆகிவிடும். ஆகவே புழுதிக்கு மண்ணை இடித்து, மெல்லிய வாயில் சேலைத் துண்டில் சலித்து, மாவுபோல் எடுங்கள். ஆனால் எந்த மண்? தக்கலைப் பக்கத்துச் செம்மண் கண்ணுக்கு அழகு. அதைப் பூசிவிட்டு, அடியில் 'ராஜஸ்தான்' என்று பெயரெழுதினால் அது பொய். அங்கே மணல் வெளிறிய மஞ்சள். செம்மண்ணோடு சாம்பலும் மஞ்சள் பொடியும் கலந்து அந்த நிறத்துக்குக் கொண்டு வரலாம். புழுதி எங்கே படியும் என்பதற்கு, நம்மூர்க் கல்குவாரியில் செயின் போட்ட இட்டாச்சி வேலை செய்வதை வெளியே நின்று பாருங்கள். அடியில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. ஈரச் சேறு கருமை, காய்ந்தது வெளிர். இரண்டும் ஒரே வண்டியில் இருக்கும்.

இடமும் நாளும்

அப்படியானால், தூரிகையைத் தொடுமுன்பே வண்டி எந்த ஊரில், எந்த மாதத்தில் நிற்கிறது என்று முடிவு செய்தாக வேண்டும். இங்கேதான் சரித்திரம் நம் மேசைக்கு வருகிறது.

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபில் கேம்கரண் அருகே அசல் உத்தர் என்ற ஊரில் பெரும் டாங்கிப் போர் நடந்தது. பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் அக்காலத்தில் பெயர் பெற்றவை. நம் படையினர் வயல்களில் நீரைத் திறந்துவிட்டுக் கரும்புக்குள் மறைந்து காத்திருந்தனர். கனத்த வண்டிகள் சேற்றில் புதைந்தன. அழிந்தவையும் கைவிடப்பட்டவையுமாக 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. அங்கே சாதாரண ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்கிகளை எதிர்த்து நின்ற ஹவில்தார் அப்துல் ஹமீது 10-ஆம் தேதி வீரமரணம் எய்தினார். பரம்வீர் சக்கரம் பெற்றார். இளைய வகுப்பினரை ஜீப்பில் தொடங்கச் சொன்னதற்கு அது செய்ய எளிது என்பது மட்டும் காரணமன்று.

அசல் உத்தர் பேட்டனுக்குப் புழுதி பூசினால் தவறு. வயிறுவரை சேறு, செயினில் சிக்கிய கரும்புத் தோகை, உலராத ஈரம்: இவைதாம் அந்த மூன்று நாளின் உண்மை. சேறு ஏன் அவ்வளவு உயரம் என்று ஒருவர் கேட்டால், போர் எப்படி முடிந்தது என்பதையே சொல்ல வேண்டியிருக்கும்.

1971 டிசம்பர் 16-ஆம் நாள் பசந்தர் போரில் தீப்பற்றிய தம் செஞ்சூரியன் டாங்கியைவிட்டு இறங்க மறுத்து உயிர் நீத்த அருண் கேத்தர்பாலுக்கு வயது 21. நம் மேல் வகுப்பு மாணவியரைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கவச வண்டிகளுக்கென்றே மகாராட்டிரத்தின் அகமது நகரில் (இன்று அகில்யா நகர்) 1994 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வட இந்தியச் சுற்றுலா செல்வோர் வழியில் அதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

முதலில் எழுந்த கேள்விக்கு இப்போது வருவோம். பளபளவென்று நிற்கும் பச்சை டாங்கி ஒரு பொம்மை; அதைப் பார்க்கும் குழந்தைக்குப் போர் ஒரு திருவிழா. ஏறி ஏறித் தேய்ந்த படியையும், புகை கக்கிக் கறுத்த குழாயையும், மூடியின் விளிம்பில் கைகள் பட்டு உரிந்த பூச்சையும் காட்டும் மாதிரியைப் பார்ப்பவர், "இதற்குள் யார் இருந்தார்கள்?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். அந்தக் கேள்வியை எழுப்பும் கைவேலையைப் பெண்கள் பள்ளியில் செய்யலாம் என்பதே என் துணிபு.

இதற்கு நேர்மாறான மாதிரிகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5 இலட்சம் விமான மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. அளவு 72-ல் ஒன்று. பூச்சு வெறும் கறுப்பு. அழுக்கோ துருவோ தேவையில்லை. வானில் வருவது நம் விமானமா, பகை விமானமா என்று வீரர்கள் நிழலுருவைக் கொண்டே அறியப் பழகுவதற்காக அவை. அங்கே மனிதர் உள்ளே இருப்பதை மறக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தேவை இல்லை.

நினைவுச் சின்னமாக மேடைமேல் நிற்கும் டாங்கியைப் பார்த்து அளவு எடுக்கலாம். நிறத்தை மட்டும் எடுக்காதீர்கள். வெயிலுக்கும் மழைக்கும் தாங்க வேண்டி அவற்றுக்கு மினுமினுக்கும் எனாமலை அடுக்கடுக்காகப் பூசுவது வழக்கம். போரில் மின்னும் வண்டி மறைந்து நிற்க முடியாது.

வேலை முடிந்ததும் ஓர் அட்டைத் துண்டில் வண்டியின் பெயர், இடம், மாதம், ஆண்டு, அளவு ஆகியவற்றை எழுதி முன்னே வையுங்கள். மூடியருகே 4.9 செ.மீ. உயர வீரர் ஒருவரைக் களிமண்ணில் செய்து நிறுத்தினால் வண்டியின் பருமன் சொல்லாமலே விளங்கும். பிறகு கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து, ஒரு மூலையில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வைக்கவும். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஆனி, ஆடிச் சாரலில் நம்மூரில் அட்டை ஊறிப் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுவது நல்லது.